நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டர்

வாள்மீனை அளக்கும்போது வாளைச் சேர்க்கக் கூடாது. துறைமுகத்தில் மூன்று வருஷம் குப்பை கொட்டிய பிறகும் எனக்கு இது தெரியாது. கீழ்த்தாடையின் நுனியில் தொடங்கி, வால் இரண்டாகப் பிரிகிற கவட்டில் முடிக்க வேண்டும். வாள் உடைந்திருக்கலாம், படகில் இடம் போதவில்லை என்று அறுத்து வீசியிருக்கலாம். அதை நம்பி நீளம் சொல்ல முடியாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் டேப்பக்கா.

நான் அப்போது ஐஸ் ஆலையில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே மீன் இறக்கும் தளம். காலை ஆறு மணிக்குப் படகுகள் வரத் தொடங்கும். அதற்குப் பத்து நிமிஷம் முன்பே அக்கா வந்து நிற்பார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பென்சில், கையில் ஆளைவிட உயரமான அலுமினிய அளவுகோல். ஆராய்ச்சி நிலையம் அவரை வேலைக்கு எடுத்த முதல் வருஷம் அந்த அளவுகோல் வந்து சேரவில்லையாம். வீட்டிலிருந்து இரண்டு தையல் டேப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொண்டுவந்து அளந்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர். அவரைவிட இருபது வயது மூத்த படகோட்டிகளும் டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் கணவர் தையல்காரர். துறைமுகச் சாலையில் ஒற்றைக் கதவுக் கடை. "என் பொண்டாட்டி மீனுக்கு அளவெடுக்கறா, நான் மனுஷனுக்கு எடுக்கறேன். தைச்சு முடிச்சப்புறம் இடுப்பு பிடிக்குதுன்னு எந்த மீனாவது திரும்பி வந்திருக்கா? குடுத்து வெச்சவ" என்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆனால் வீடு காலியாக இருந்ததில்லை. அக்காவின் தம்பி அவரைவிடப் பதினோரு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. அக்கா கல்யாணமாகி வந்தபோது அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடம் போனது, பல் உடைத்துக்கொண்டது, படிப்பு ஏறாமல் படகில் ஏறியது, கடைசியில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் குடிபோனது எல்லாம் அந்த வீட்டிலிருந்துதான்.

அக்காவின் வேலை வெளியிலிருந்து பார்க்கச் சுலபம். மீன் தளத்தில் சறுக்கி வரும். இரண்டு பேர் அதை நேராகப் போடுவார்கள். அக்கா குனிந்து அளப்பார், எழுதுவார். அடிவயிற்றுப் பக்கத்துத் துடுப்பில் ஒரு முள்ளைக் கத்தரித்து உறையில் போட்டு எண் எழுதுவார். மரத்தை வெட்டினால் வளையம் தெரிகிற மாதிரி, அந்த முள்ளை மெல்லியதாகச் சீவிப் பார்த்தால் மீனின் வயது தெரியுமாம். வயிற்றைப் படகிலேயே சுத்தம் செய்துவிடுவார்கள் என்பதால், சில படகுகளிடம் கெஞ்சி, சினைப்பையை மட்டும் பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முட்டை முற்றியிருக்கிறதா என்று தளத்தில் நின்று அதைப் பிதுக்கிப் பார்ப்பார். ஐஸ் வாங்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அக்கா கண்டுகொள்வதில்லை.

மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அவர் வாய் ஓயாது. ஒரு நாள் என்னை ஜன்னலுக்கு வெளியே கூப்பிட்டு ஒரு தலையைக் காட்டினார். கண் என் கை முஷ்டியைவிடப் பெரியது.

"இந்தக் கண்ணுக்குப் பின்னாடி ஒரு சதை இருக்கு, பாரு. அது அடுப்பு மாதிரி. கண்ணையும் மூளையையும் சூடா வெச்சுக்கும். பகல்ல அரைக் கிலோமீட்டர் ஆழத்துல, சில்லுன்னு இருட்டுல கெடக்கும். அங்க மத்த மீனுக்கெல்லாம் கண்ணு மந்தமாயிடும். இதுக்கு ஆகாது. ராத்திரியானா இரை தேடி மேல வரும்."

"அப்பதான் மாட்டுமா?"

"அப்பதான் மாட்டும். நம்மாளுங்க தூண்டில்ல கணவாயைக் கோத்து, பக்கத்துல பச்சையா எரியற குச்சியையும் கட்டி விடறாங்க. இவ்வளவு நல்ல கண்ணு இருக்கே, அதாலயே வந்து மாட்டுது."

சேர்ந்த புதிதில் அவர் அளந்த ஒரு மீன் இருநூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர். தளத்தில் இருந்த எல்லோரும் வந்து பார்த்தார்களாம். பெண் மீன். பெரிய வாள்மீன் எல்லாமே பெண்தான், ஆண் அந்த அளவுக்கு வளராது என்பது அக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அது முட்டை போடும் வயதுக்கு வரவே நாலைந்து வருஷம் ஆகும். அதற்குள் அது கிட்டத்தட்ட ஆள் நீளம் வளர்ந்திருக்க வேண்டும்.

பத்து வருஷம் கழித்து இருநூறைத் தாண்டுகிற மீனே அபூர்வமானது. பதினைந்து வருஷத்தில் நூற்று நாற்பது என்றால் நல்ல மீன். வரைபடம் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் அக்காவுக்கு இருக்கவில்லை. முன்பெல்லாம் தாடையிலிருந்து வாலுக்கு மூன்று எட்டு நடந்து போவேன், இப்போது நின்ற இடத்திலேயே மீனின் இரண்டு முனையும் கைக்கு எட்டுகிறது என்றார்.

பதினேழாவது வருஷம் சட்டம் வந்தது. நூற்று இருபத்தைந்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள வாள்மீனைக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. தவறி மாட்டுவதற்காகப் பத்துக்கு இரண்டு வரை விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் போனால் படகை நாற்பது நாள் கட்டிப்போட வேண்டும். குஞ்சுகள் வளர்கிற தெற்குக் கடல் பகுதியையும் மீன்பிடிக்கு மூடினார்கள். சட்டத்தைப் போட்டவர்கள் கண்காணிக்க ஆள் போடவில்லை. அதுதான் அங்கே ஒரு அம்மா தினமும் அளக்கிறாரே என்று அக்காவின் தாளில் ஒரு நகலைத் துறைமுக அலுவலகத்துக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதுவரை அவர் எழுதிய எண் யாரையும் சுட்டதில்லை. ஏதோ ஆராய்ச்சிக்குப் போகிறது என்று ஆட்கள் சிரித்துக்கொண்டே மீனைத் திருப்பிப் போடுவார்கள். நகல் போக ஆரம்பித்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சினைப்பை வருவது நின்றது. முதல் ஆறு மாதத்தில் நான்கு படகுகளைக் கட்டிப்போட்டார்கள். அக்கா உள்ளபடியே எழுதினார். யாரும் அவரை ஏசவில்லை. டேப்பக்கா பொய் எழுத மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு ஒரு முதலாளி படகைக் கையில் கொடுத்தார். பதினாறு வருஷம் தூண்டில் இழுத்தவன் முதல் தடவையாகச் சுக்கானைப் பிடித்தான். முதல் இரண்டு பயணம் சுமார். மூன்றாவதில் பதின்மூன்று நாள் கடலில் கிடந்து, ஒரு மழைக்காலக் காலையில் வந்து சேர்ந்தான். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தோரு மீன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னதாக இருந்தன.

அக்கா முதல் மீனை அளந்தார். நூற்றுப் பத்தொன்பது. இரண்டாவது நூற்றுப் பதினேழு. மூன்றாவது நூற்று இருபத்தொன்று. தம்பி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றான். கட்டிப்போட்டால் முதலாளி படகை அவனிடம் விட்டுவைக்க மாட்டார். வீட்டில் மனைவி ஏழு மாதம். அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நான் பார்த்தது அவ்வளவுதான். என்ன எழுதினார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"நூத்து இருபத்தாறுன்னு எழுதினேன்" என்று பல நாள் கழித்துச் சொன்னார். "அவன் கேக்கல. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. கேக்காம நின்னான் பாரு, அதான். அஞ்சாறு மீனை மட்டும் உள்ளபடி எழுதினேன், சந்தேகம் வரக் கூடாதேன்னு. மீதியெல்லாம் நூத்து இருபத்தாறு, இருபத்தேழு."

படகுக்காரர்களுக்குள் எதையும் மூடி வைக்க முடியாது. அடுத்த வாரம் பீப்பாய் என்று பட்டப்பெயர் கொண்ட பெரிய படகோட்டி தன் மீன்களோடு வந்தார். நல்ல மனிதர்தான், உடம்பும் பீப்பாய்தான். அக்கா நூற்றுப் பதினெட்டு என்று எழுதப் போனபோது மெதுவாகச் சொன்னார்:

"தம்பிக்கு நீளுற டேப்பு நமக்கு நீளாதா தாயி?"

அவர் மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அக்கா நூற்று இருபத்தாறு என்று எழுதினார். அன்றிலிருந்து டேப்பு எல்லோருக்கும் நீண்டது. பதினான்கு மாதம் நீண்டது. திரும்பவும் தளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்காமலே சினைப்பை வந்தது. அக்கா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விடுவார். என் ஜன்னல் பக்கம் வந்து பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். வயதாகிறது, முழங்கால் வலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு அம்மா வருவார். டாக்டரம்மா என்போம். அக்கா வயதுதான் இருக்கும். வந்தால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அந்த வருஷம் முகமெல்லாம் மலர வந்தார். கையில் ஒரு வண்ணத் தாள். சின்ன மீன் வரத்து பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது, சட்டம் பலன் தருகிறது என்று காட்டினார். எல்லாத் துறைமுகத்திலும் இந்த அளவுக்கு இல்லை, இங்கேதான். அதிலும் பதினேழு, பதினெட்டு வருஷம் ஒரே கை அளந்த கணக்கு வேறு எங்குமே இல்லை. அதனால் சட்டம் போட்ட குழுவில் இந்தத் துறைமுகத்தின் எண்களைத்தான் முதலில் எடுத்துப் பேசப் போகிறார்கள்.

"தெக்குப் பகுதிய மறுபடி தொறக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "சின்னத எல்லாம் கடல்லயே விட்டுடறாங்களே, குஞ்சு பெருகிடுச்சுன்னா மூடி வெக்க வேண்டியதில்லையே. உங்களாலதான் இது."

அக்கா சோறு பரிமாறிக்கொண்டிருந்தவர், கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். குஞ்சுகள் பெருகவில்லை. அவை தினமும் தளத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தன, ஒரு தடவைகூட முட்டை போடாமல். இப்போது அவை ஒதுங்கியிருந்த ஒரே இடத்தையும் திறக்கப் போகிறார்கள், அவர் எழுதியதை நம்பி.

"டாக்டரம்மா, அதெல்லாம் பொய்" என்றார்.

"எது?"

"அந்த எண்ணுங்க. போன வருஷம் மழைக்காலத்துலேர்ந்து. நான்தான் ஏத்தி எழுதினேன்."

தையல்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கும் அதுவரை தெரியாது. டாக்டரம்மா அந்த வண்ணத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

"உண்மையான அளவு தனியா எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. எழுதி வெச்சா அதைப் பாக்கணுமே."

முள்ளிலிருந்து கண்டுபிடிக்க முடியாதா என்று அக்கா கேட்டிருக்கிறார். வயது பார்த்து முடிந்ததும் முட்களை நிலையத்தில் எறிந்துவிடுவார்கள், வைத்துக்கொள்ள இடமில்லை.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது...?"

"இல்ல. என் தம்பி மேல சத்தியமா இல்ல."

"நான் நம்பறேன்" என்றார் டாக்டரம்மா. "ஆனா நான் நம்பறது பத்தாது. பதினாலு மாசம் பொய்யின்னா, மீதி பதினேழு வருஷத்தையும் யாரும் தொட மாட்டாங்க. இங்கேர்ந்து போன அத்தனையும் எடுத்துருவாங்க. புரியுதா?"

புரிந்தது. இருநூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர் மீனும் அதோடு போகும். ஒரு காலத்தில் இங்கே பெரிய மீன் இருந்தது என்பதற்கு இந்தப் பக்கக் கடற்கரையில் இருந்த எழுத்துச் சாட்சி அது ஒன்றுதான். பொய் சொன்னபோது எதையும் இழக்காதவர், உண்மையைச் சொன்னதும் எல்லாவற்றையும் இழந்தார். அடுத்த வாரம் வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் வந்தது. வழக்குப் போடாமல் பார்த்துக்கொண்டது டாக்டரம்மா. அவருக்கும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அளப்பதையும் கண்காணிப்பதையும் ஒரே ஆள் தலையில் கட்டியது நிலையத்தின் தவறு என்று குழுவில் எழுந்து சொன்னாராம். சொன்ன பிறகு அவரைக் கடலே இல்லாத ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

தெற்குப் பகுதி திறக்கப்படவில்லை. அது ஒன்றுதான் நல்லதாக நடந்தது. ஆனால் எங்கள் துறைமுகத்தைப் பற்றி நம்பகமான எண் எதுவும் கையில் இல்லாததால், இருபத்திரண்டு படகுகளின் அனுமதியைப் பதினொன்றாகக் குறைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த படகுகள்தான் முதலில் போயின. தம்பியின் படகும் அதில் ஒன்று. முதலாளி அதை விற்றுவிட்டார். ஐஸ் ஆலையும் ஒரு ஷிப்டை நிறுத்தியது. என் டோக்கன் வேலையும் போனது.

தம்பி அக்கா வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கைக்குழந்தையோடு அவன் மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நான் உன்ன எழுதச் சொன்னேனா?" என்றான்.

"இல்லடா."

"எழுதினதும் நீ. போய்ச் சொன்னதும் நீ. நடுவுல போனது எங்க பொழப்பு."

"குஞ்சு வளர்ற எடத்தத் தொறக்கப் போறாங்கன்னு சொன்னாங்கடா. அப்புறம் ஒண்ணுமே மிஞ்சாது."

"மிஞ்சி யாருக்கு? கட்டிப்போட்டிருந்தா நாப்பது நாள் கெடந்திருப்பேன். வேற படகுல கூலிக்குப் போயிருப்பேன். உன் மூஞ்சியில முழிக்கவாவது முடிஞ்சிருக்கும்."

அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்காகிட்ட இப்படியா பேசுவ? வா, வீட்டுக்கு வா" என்று அழுதாள். அவன் போய்விட்டான். மூன்று மாதத்தில் தூரக் கடலுக்குப் போகிற பெரிய கப்பலில் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டான். புறப்படும் அன்று அக்கா பஸ் நிலையத்துக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

நானும் யோக்கியமில்லை. வேலை போன ஆத்திரத்தில் ஆறு மாதம் அக்காவைத் தெருவில் பார்த்தாலும் பார்க்காத மாதிரி போனேன். பீப்பாய்தான் ஒரு நாள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, நீட்டச் சொன்னது நான். மூஞ்சியத் திருப்பணும்னா என்கிட்ட திருப்பு" என்றார். மறுநாள் கிழியாத ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். அக்கா உள்ளே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "எங்க கிழிஞ்சிருக்கு?" என்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிசல் இல்லை என்று கண்டதும் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். இந்தக் கதையில் பாதி அங்கே உட்கார்ந்து கேட்டதுதான்.

தம்பி போன பத்தாவது மாதம், நான் கடையில் இருக்கும்போதே ஒரு மத்தியானம் தையல்காரரின் போன் அடித்தது. கப்பலில் இருந்து தம்பி. தையல்காரர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அக்காவிடம் நீட்டினார். அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்" என்றார், "ம்" என்றார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஏண்டா சொல்லல?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். பிறகு தொடர்பு அறுந்துபோனது.

என்ன சொன்னான் என்று கேட்டோம்.

கப்பலில் யாரும் எதையும் அளப்பதில்லையாம். வந்ததெல்லாம் உறைகிடங்குக்குள். இவன் ஒரு காலை மேல்தளத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு மேலே இரண்டு துடுப்பு தெரிந்திருக்கிறது. முதுகுத் துடுப்பு ஒன்று, வால் நுனி ஒன்று. ஆழத்தில் இரை தின்றுவிட்டு வெயில் காய மேலே வந்து படுத்திருந்த வாள்மீன். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு பெரியதை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. கப்பலில் ஈட்டி எறிகிற ஆள் ஒருவன் இருந்தான். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. மீன் கப்பலை ஒட்டியே கொஞ்ச தூரம் வந்து, பிறகு அடியில் போய்விட்டது.

"ஏன் சொல்லலேன்னு கேட்டேன். தெரியலங்கறான்" என்றார் அக்கா. முகத்தில் மலர்ச்சி என்று சொல்ல முடியாது. ஊசியில் நூல் கோக்க நாலு தடவை முயன்று, கடைசியில் தையல்காரரிடம் கொடுத்துக் கோத்து வாங்கிக்கொண்டார்.

தம்பி ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது, எந்திரத்தில் மாட்டிக்கொண்டது. இப்போது ஒரு கிடங்கில் காவலுக்குப் போகிறான். அக்கா வீட்டுக்கு வருகிறான், உட்காருகிறான், குழந்தையை மடியில் விட்டுவிட்டுப் போகிறான். மீனைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை.

துறைமுகத்தில் இப்போது எட்டு படகுகள்தான். தளத்துக்கு மேலே கேமரா வைத்திருக்கிறார்கள். அது பார்த்து அளந்துகொள்ளும். நிலையத்தின் அறிக்கையில் எங்கள் துறைமுகத்துக்கான பட்டியல் போன வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வாள்மீன் பழையபடி வருகிறதா இல்லையா என்று சொல்லக் குறைந்தது பத்து வருஷக் கணக்கு வேண்டுமாம். அக்காவுக்கு இப்போதே ஐம்பது ஆகப்போகிறது. மீன் தளத்துப் பக்கம் அவர் போவதில்லை. கடைக்கு வர அதுதான் குறுக்கு வழி என்றாலும், தினமும் காலையில் தபால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார்.